எழுதியவர் அவர், பாடியவர் இவர்: ஒரு மெட்டல் இசைத்தொகுப்பும் ஒரு கடிதமும்

சமூகப்பணியில் இருக்கும் ஒருத்தி மெட்டல் இசை பற்றி எழுதுகிறாள் என்றால் சில தோழர்களுக்குச் சிரிப்பு வரும். "அது வசதியான வீட்டுப் பிள்ளைகள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்கிற சத்தம்தானே" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள். நான் எழுத வந்தது சத்தத்தைப் பற்றி அல்ல. பலர் சேர்ந்து செய்யும் ஒரு வேலையில் எழுதுகிறவர் யார், அதைத் தன் குரலில் சுமக்கிறவர் யார், இருவரில் யாரை எளிதாக வெளியே அனுப்ப முடிகிறது என்பதைப் பற்றி. இதை எனக்குத் தெளிவாகக் காட்டியவை இரண்டு: பின்லாந்தின் நைட்விஷ் இசைக்குழு 2004ல் வெளியிட்ட ‘வன்ஸ்’ என்ற இசைத்தொகுப்பு; அடுத்த ஆண்டு அதே குழு தன் பாடகிக்கு எழுதிய ஒரு கடிதம்.

இந்த வகை இசையைக் கேட்டிராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பவர் மெட்டல் என்பது வேகமான இசை. டிரம்மர் இரண்டு கால்களாலும் பேஸ் டிரம்மை விடாமல் அடிப்பார். கிட்டார்கள் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். அதற்கு மேலே, கூட்டமாகச் சேர்ந்து பாடத் தோன்றும் மெட்டு ஒன்று ஓடும். 1980களில் ஜெர்மனியின் ஹெலோவீன் போன்ற குழுக்கள் வளர்த்தெடுத்த பாணி இது. பாடல்களில் பெரும்பாலும் வாளும் டிராகனும் மாயக்கதையும் இருக்கும். இதோடு வயலின்களும் டிரம்பெட்டும் பெரிய பாடகர் குழுவும் சேர்ந்தால் அதைச் சிம்பொனிக் மெட்டல் என்கிறார்கள். நைட்விஷ் இந்த இரண்டையும் ஒன்றாக்கிய குழு. அதன் நடுவில் நின்றவர் தார்யா துருனென் என்ற பெண். மேற்கத்திய செவ்வியல் பயிற்சி பெற்ற சோப்ரானோ பாடகி.

முதுகலை படித்த காலத்தில், விடுதி அறைத்தோழி ஒருத்தியின் செல்போனில்தான் இந்தக் குரலை முதலில் கேட்டேன். ஆங்கில வரிகள் பாதிகூடப் புரியவில்லை. குரல் புரிந்தது. அவ்வளவு கிட்டார், அவ்வளவு டிரம்ஸ், நூறு பேர் சேர்ந்து வாசிப்பது போன்ற ஆர்க்கெஸ்ட்ரா. அத்தனைக்கும் மேலே ஒரு பெண் கத்தாமல், கெஞ்சாமல், நிமிர்ந்து நின்று பாடுகிறாள். கூட்டங்களில் நான் பேச எழுந்தால் "கொஞ்சம் சத்தமா பேசும்மா" என்ற குரல் பின்வரிசையிலிருந்து வரும் காலம் அது. சத்தமாகப் பேசுவது வேறு, கேட்கும்படி பேசுவது வேறு என்று அந்தப் பாட்டில்தான் உணர்ந்தேன்.

பிறகு இந்தக் குழுவின் கதையைத் தேடிப் படித்தேன். கித்தே என்பது கிழக்குப் பின்லாந்தில், வடக்கு கரேலியாவில், ரஷ்ய எல்லைக்கு அருகில் இருக்கும் சின்ன ஊர். 1996ல் அங்கே துவோமாஸ் ஹொலோபைனென் என்ற இளைஞர் ஒரு குழு தொடங்கினார். கீபோர்டு வாசிப்பவர். அவர் மனத்தில் அப்போது இருந்தது மெட்டல் இல்லை. இரவு நேரத்தில் நெருப்பு மூட்டி உட்கார்ந்து கேட்பது போன்ற, சாதாரண கிட்டாரும் மெல்லிய கீபோர்டும் கொண்ட அமைதியான இசை. பாடுவதற்கு அதே ஊர்க்காரரான தார்யாவைக் கூப்பிட்டார். செவ்வியல் பயிற்சியில் அவருடைய குரல் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது. அந்தச் சின்ன இசைக்குள் அது அடங்கவில்லை. குரலுக்கு ஏற்றபடி இசையைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. எலெக்ட்ரிக் கிட்டார் வந்தது, டிரம்ஸ் வந்தது, மெட்டல் வந்தது.

குழுவினரே சொன்ன கதைதான் இது. என் வாதம் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. பாட்டை எழுதியவர் ஹொலோபைனென். ஆனால் என்ன வகைப் பாட்டை எழுதுவது என்பதைத் தீர்மானித்ததில் தார்யாவின் தொண்டைக்குப் பெரிய பங்கு உண்டு. யாரோ கட்டி முடித்த வீட்டுக்குக் குடிவந்தவர் அல்ல அவர். அந்த வீட்டின் உயரமே அவரை வைத்துத்தான் முடிவானது.

1997ல் முதல் இசைத்தொகுப்பு. 1998ல் ‘ஓஷன்பார்ன்’, 2000ல் ‘விஷ்மாஸ்டர்’, 2002ல் ‘செஞ்சுரி சைல்ட்’. ஐந்தாவதாக 2004ல் ‘வன்ஸ்’. பின்லாந்திலும் ஜெர்மனியிலும் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இதற்காக லண்டனில் முழு ஆர்க்கெஸ்ட்ராவையும் பாடகர் குழுவையும் வைத்துப் பதிவு செய்தார்கள். ஆர்க்கெஸ்ட்ராவுக்கான இசையை அமைத்துக்கொடுத்தவர் பிப் வில்லியம்ஸ். ஊருக்குள் தொடங்கிய ஒரு குழுவுக்கு இது பெரிய தாவல்.

இந்தத் தொகுப்பில் தார்யா என்ன செய்கிறார் என்று கவனித்துக் கேளுங்கள். ‘ஓஷன்பார்ன்’ காலத்தில் அவர் பெரும்பாலும் ஓபரா மேடையில் பாடுவது போல உச்சத்தில் நின்று பாடினார். ‘வன்ஸ்’ஸில் குரலைக் கீழே இறக்குகிறார், பேச்சுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறார், தேவைப்படும் இடத்தில் மட்டும் மேலே ஏற்றுகிறார். ‘விஷ் ஐ ஹாட் அன் ஏஞ்சல்’, ‘ப்ளானெட் ஹெல்’ ஆகிய பாடல்களில் மார்கோ ஹியெதாலாவின் கரகரத்த ஆண் குரலோடு மோதுகிறார். ‘குவோலெமா தெக்கே தைதெய்லியான்’ என்ற பாட்டு அவர்களுடைய தாய்மொழியான பின்னிஷில் இருக்கிறது. மரணம்தான் கலைஞனை உருவாக்குகிறது என்பது தலைப்பின் பொருள். அதில் டிரம்ஸின் ஆவேசம் எல்லாம் விலகி, குரலும் ஆர்க்கெஸ்ட்ராவும் முன்னால் நிற்கும். ‘கோஸ்ட் லவ் ஸ்கோர்’ பத்து நிமிடப் பாட்டு. அதன் நடுவில் பாடகி ஒதுங்கி நிற்க, ஆர்க்கெஸ்ட்ராவும் பாடகர் குழுவும் நெடுநேரம் தனியாகப் பயணிக்கின்றன. பிறகு அவர் திரும்பி வரும்போது அதுவரை வந்த எல்லாமே அவருக்காகக் காத்திருந்தது போல இருக்கும்.

‘நெமோ’ என்று ஒரு பாட்டு. இந்தத் தொகுப்பில் அதிகம் பேருக்குத் தெரிந்தது அதுதான். நெமோ என்றால் லத்தீனில் ‘யாருமில்லை’. பெயரையும் வழியையும் தொலைத்துவிட்ட ஒருவர் ‘நான்’ என்று தன்னிலையில் பாடுகிறார். எழுதியது ஓர் ஆணின் பேனா. அந்த ‘நான்’ என்ற சொல்லுக்கு உடம்பு கொடுத்தது ஒரு பெண்ணின் குரல். உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் தங்கள் தனிமையை அந்தப் பாட்டில் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் காதில் விழுந்த ‘நான்’ யார்? எழுதியவரா, பாடியவரா?

ரசிகர்கள் கேட்க வேண்டிய கவித்துவமான கேள்வி மட்டுமல்ல இது. இதற்குள் சட்டமும் பணமும் இருக்கின்றன. பின்லாந்தில் இசைக்கான உரிமைத்தொகையை வசூலித்துத் தர இரண்டு தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. மெட்டும் வரியும் எழுதியவர்களுக்குத் தெயோஸ்தோ. பதிவில் பாடியவர்கள், வாசித்தவர்கள், பதிவைத் தயாரித்தவர்கள் ஆகியோருக்கு கிராமெக்ஸ். எழுதியவரின் உரிமை அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீளும். பாடியவரின் உரிமை அந்தப் பதிவு வெளியான ஆண்டிலிருந்து எண்ணப்படும். ‘வன்ஸ்’ வந்த 2004ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அது 50 ஆண்டுகள்தான். 2011ல் வந்த ஒன்றியத்தின் ஆணைக்குப் பிறகுதான் 70 ஆனது. அப்போதும் கணக்கு தொடங்கும் இடம் வேறு.

இன்னொரு வித்தியாசம் இதைவிட முக்கியமானது. ஒரு பாட்டு மேடையில் பாடப்படும்போது, யார் பாடினாலும் எழுதியவருக்கு உரிமைத்தொகை உண்டு. அந்தப் பாட்டை முதன்முதலில் பதிவில் பாடி, அதற்கு உருவம் கொடுத்து, உலகறியச் செய்த பாடகி, நாளைக்கு வேறொருவர் அதை மேடையில் பாடும்போது ஒன்றும் கேட்க முடியாது. அதாவது, பாடல் எழுதியவரோடு போகும். குரல் மட்டும் தனியாக வீட்டுக்குப் போகும்.

‘வன்ஸ்’ஸின் வரிகளை ஏறத்தாழ முழுவதும் எழுதியவர் ஹொலோபைனென். மெட்டுகளில் பெரும்பங்கும் அவருடையது. அதில் குற்றம் ஒன்றுமில்லை. அவர் உழைப்பு, அவர் திறமை. எழுதுவதும் உழைப்புதான் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன். ஆனால் ஒரு குழுவில் ஒருவர் உழைப்பு சொத்தாகவும் இன்னொருவர் உழைப்பு சேவையாகவும் பதிவாகும்போது, சண்டை வந்தால் யார் வெளியே போவார் என்பது சண்டை வருவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. சமூகவியல் வகுப்பில் உழைப்புப் பிரிவினை என்று படிக்கிறோமே, அது தொழிற்சாலையில் மட்டும் நடப்பதில்லை. அழகான பாட்டுக்குள்ளும் நடக்கிறது.

சண்டை வந்தது. 2005 அக்டோபர் 21. ‘வன்ஸ்’ தொகுப்புக்கான நீண்ட உலகப் பயணத்தின் கடைசிக் கச்சேரி. ஹெல்சிங்கியில், ஹார்ட்வால் அரங்கம் நிரம்பி வழிந்தது. கச்சேரி முடிந்த பிறகு குழுவின் நான்கு ஆண்களும் தார்யாவிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். இனி உன்னோடு சேர்ந்து இயங்க முடியாது என்பது அதன் சாரம். அதே கடிதம் குழுவின் இணையதளத்தில் உலகமே படிக்கும்படி வெளியானது.

அந்தக் கடிதம் என்ன சொன்னது? உனக்கு இசையைவிடப் பணமும் வியாபாரமும் முக்கியமாகிவிட்டன என்றது. எப்போது வேண்டுமானாலும் ஒரே நாள் அவகாசத்தில் விலகிவிடுவேன் என்று நீயே சொன்னாய் என்றது. மேலாளராகவும் இருந்த அவருடைய கணவரையும்கூட உள்ளே இழுத்தது. அன்பான பெண்ணாக இருந்தவள் டீவா ஆகிவிட்டாள் என்ற பொருளில் பேசியது. டீவா என்பது ஓபரா உலகத்தில் தலைசிறந்த பாடகிக்குத் தரும் பட்டம். அது வசையாக மாறுவது எப்போது என்று கவனியுங்கள். ஒரு பெண் தன் நேரத்துக்கும் உழைப்புக்கும் தானே விலை சொல்லத் தொடங்கும்போது. பாடல்களின் உரிமை தன்னிடம் இருப்பதை ஓர் ஆண் உறுதி செய்துகொண்டால் அவரைக் கலைஞர் என்கிறோம். எத்தனை கச்சேரி பாடுவேன் என்று ஒரு பெண் கணக்குச் சொன்னால் பேராசைக்காரி என்கிறோம்.

சில நாள்களில் தார்யாவும் பொதுவில் பதில் சொன்னார். இப்படி நடந்தது தனக்கு அதிர்ச்சி என்றார். கணவரை இதில் இழுத்தது வேதனை தந்தது என்றார்.

அந்தக் கச்சேரி ‘எண்ட் ஆஃப் அன் எரா’ என்ற பெயரில் 2006ல் டிவிடியாக வந்தது. ஒரு சகாப்தத்தின் முடிவு. அதை ஒருமுறை பாருங்கள். மேடையில் ஐந்து பேர் இருக்கிறார்கள். அன்றிரவு என்ன நடக்கப்போகிறது என்று நான்கு பேருக்குத் தெரியும். நடுவில் நின்று பாடுகிறவருக்குத் தெரியாது. அவர் சிரிக்கிறார், ரசிகர்களுக்கு நன்றி சொல்கிறார், ‘கோஸ்ட் லவ் ஸ்கோர்’ பாடுகிறார், கடைசியாக ‘விஷ் ஐ ஹாட் அன் ஏஞ்சல்’ பாடுகிறார். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தகவல் ஒரு பக்கம் மட்டும் இருக்கும் மேடை எப்படி இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒளிப்பதிவை நான் பார்த்ததில்லை. அதிகாரம் எப்போதும் கத்துவதில்லை. சில நேரம் நமக்குத் தெரியாததைத் தெரிந்துகொண்டு பக்கத்தில் நின்று கீபோர்டு வாசிக்கிறது.

எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சேர்ந்து வேலை செய்ய முடியாத நிலை எந்தக் குழுவிலும் வரலாம். பிரிவதற்கு யாருக்கும் உரிமை உண்டு. அந்த நான்கு பேருக்கும் அவர்கள் பக்க வலி இருந்திருக்கும். பிரிந்தது தவறு என்று தீர்ப்பு சொல்ல நான் யார்? நான் கேட்பது முறையைப் பற்றி. நால்வர் சேர்ந்து, ஒருவருக்கு, முன்கூட்டி எழுதி, அவர் பதில் சொல்ல வாய்ப்புத் தராமல், உலகத்தின் முன் வைத்தார்கள். குற்றச்சாட்டும் விசாரணையும் தீர்ப்பும் ஒரே தாளில் இருந்தன. எழுதுவது யாருடைய பலமோ, அவர் எழுத்தையே ஆயுதமாக எடுத்தார். பாடுகிறவரின் பலம் அந்த இடத்தில் செல்லாது.

அடுத்து நடந்ததையும் பாருங்கள். உலகெங்கும் இருந்து பாடகிகளின் குரல் மாதிரிகளைக் கேட்டுத் தேர்ந்தெடுத்து, 2007ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆனெட் ஓல்சனைக் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு வந்த ‘டார்க் பேஷன் ப்ளே’ தொகுப்பில் ‘பை பை பியூட்டிஃபுல்’ என்று ஒரு பாட்டு. தார்யா வெளியேற்றப்பட்டதைப் பற்றிய பாட்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் தொகுப்பிலேயே, தனக்கு முன் அந்த இடத்தில் நின்ற பெண்ணை வழியனுப்பும் பாட்டில் புதியவரும் பாட வேண்டியிருந்தது. 2012 செப்டம்பரில் அமெரிக்காவின் டென்வரில் ஆனெட் உடல்நலம் சரியில்லாமல் மருத்துவமனையில் இருந்தார். உடன் பயணித்த குழுக்களில் பாடிக்கொண்டிருந்த எலீஸ் ரீட், அலிசா வைட்-க்ளுஸ் ஆகிய இருவரை வைத்து அன்று கச்சேரியை நடத்திவிட்டார்கள். தன்னிடம் கேட்கவே இல்லை என்று ஆனெட் பிறகு எழுதினார். சில நாள்களில் அவரும் குழுவில் இல்லை. அவருக்குப் பதிலாக நெதர்லாந்தின் ப்ளோர் யான்சன் உடனே மேடையேறினார். 2013ல் நிரந்தர உறுப்பினரும் ஆனார்.

இது நைட்விஷ்ஷின் கதை மட்டுமல்ல. பெண் குரலையும் ஆண் குரலையும் எதிரெதிரே நிறுத்தும் பாணியை மெட்டலில் பரவச் செய்த குழுக்களில் ஒன்று நார்வேயின் தியேட்டர் ஆஃப் டிராஜடி. அதன் பாடகி லிவ் கிறிஸ்டீனும் 2003ல் நீக்கப்பட்டார்.

2013ல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் ப்ளோர் யான்சன் பாடிய ‘கோஸ்ட் லவ் ஸ்கோர்’ ஒளிப்பதிவை நீங்களே பார்த்திருக்கலாம். பாட்டு சொல்லித்தரும் ஆசிரியர்கள் அதைப் பார்த்து வியக்கும் காணொளிகள் எத்தனையோ வந்துவிட்டன. அபாரமாகப் பாடுகிறார். அந்தக் கடைசி நிமிடத்தைக் கேட்டு எனக்கே கண் கலங்கியிருக்கிறது. ஆனால் அதன்கீழே ரசிகர்கள் நடத்தும் சண்டையைப் படித்தால் சலிப்பு வருகிறது. தார்யாதான் ராணி. இல்லை, ப்ளோர்தான். ஆனெட் ஒரு விபத்து. மூன்று பெண்களை வரிசையில் நிறுத்தி மதிப்பெண் போடுகிறார்கள். பாடகிகள் ஏன் மாறிக்கொண்டே இருந்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. ஒரு நாற்காலி யார் உட்கார்ந்தாலும் ஆடுகிறது என்றால் உட்கார்ந்தவரின் எடையையா சோதிப்பீர்கள்? நாற்காலியின் காலைப் பார்க்க மாட்டீர்களா?

இந்த வகை இசைக்குச் சந்தையில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ‘ஃபீமேல் ஃப்ரண்டட் மெட்டல்’. பெண்ணை முன்னால் நிறுத்திய மெட்டல். முன்னால் நிற்பதும் முடிவெடுப்பதும் ஒன்றல்ல என்பதை இந்தப் பெயர் மறைத்துவிடுகிறது. சுவரொட்டியில் பெண்ணின் முகம்தான் பெரிதாக இருக்கும். கையெழுத்துப் போடும் இடத்தில்?

‘வன்ஸ்’ஸில் இன்னொரு பாட்டும் இதே கேள்வியை வேறு பக்கத்திலிருந்து எழுப்புகிறது. ‘க்ரீக் மேரிஸ் ப்ளட்’. அமெரிக்கப் பூர்வகுடிகள் நிலம் இழந்த வரலாற்றைப் பற்றியது. தலைப்பு, அந்த வரலாற்றை எழுதிய டீ பிரவுனின் 1980ஆம் ஆண்டு நாவலுடைய பெயர். நிலம் பறிபோனவரின் தன்னிலையில் பாட்டு போகிறது. எழுதியவர் பின்லாந்துக்காரர், பாடுகிறவரும் பின்லாந்துக்காரர். முடிவில்தான் ஜான் டூ-ஹாக்ஸ் லகோட்டா மொழியில் பேசுகிறார். அவருடைய புல்லாங்குழலும் இருக்கிறது. எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்தப் பாட்டில் என்னை அதிகம் தொடுவது அந்தக் கடைசிப் பகுதிதான். எனக்கு ஒரு சொல்கூடப் புரியாத பகுதியும் அதுதான்.

பாட்டில் பரிவு இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் பின்லாந்தின் வடக்கிலேயே சாமி என்ற பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். பூர்வகுடிகளின் நில உரிமை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1989ஆம் ஆண்டு 169ஆவது உடன்படிக்கையைப் பின்லாந்து அரசு இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. இது அரசின் பொறுப்பு, இசைக்குழுவின் குற்றமல்ல. ஆனாலும் தூரத்தில் இருப்பவரின் துயரத்துக்குக் குரல் கொடுப்பது எப்போதும் சுலபம் என்பதை நாம் மறக்கக்கூடாது. ‘குரலற்றவர்களின் குரல்’ என்று துண்டறிக்கைகளில் எழுதுகிறோமே, அந்தச் சொல்லே எனக்கு உறுத்தும். குரலற்றவர் என்று யாருமில்லை. மைக் தரப்படாதவர்கள் இருக்கிறார்கள். எழுதித் தந்ததை மட்டும் படிக்கச் சொல்லி மைக் தரப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது வகையில் நானும் இருந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பத்திரிகையாளர் சந்திப்பு என்றால் பேசுவதற்கு என்னைத்தான் அழைப்பார்கள். பெண், படித்தவள், தடங்கல் இல்லாமல் பேசுவாள். அறிக்கையை எழுதுவது அலுவலகத்தில் இருந்த மூன்று ஆண்கள். கூட்டத்துக்கு அரைமணி நேரம் முன்புதான் தாள் என் கைக்கு வரும். ஒருமுறை, பாதிக்கப்பட்ட பெண்கள் முந்தைய நாள் என் கையைப் பிடித்துச் சொன்ன இரண்டு விஷயங்கள் அந்தத் தாளில் இல்லை. அறிக்கையைப் படித்து முடித்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டு அந்த இரண்டையும் சொன்னேன். யாரும் திட்டவில்லை. "நீங்க கொஞ்சம் உணர்ச்சிவசப்படுறீங்க" என்றார்கள். அடுத்த சந்திப்புக்கு வேறொரு பெண் வந்தார். நன்றாகப் பேசினார். என்னைவிட நன்றாகவே பேசினார் என்று சொன்னார்கள்.

அன்றைக்கு எனக்கு அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லை. வராததற்கு ஒரு காரணம், ஆனெட்டின் கதையும் ப்ளோரின் கதையும் எனக்கு முன்பே தெரிந்திருந்ததுதான். நமக்குப் பின் வருகிறவர் நம் எதிரி அல்ல. அவர் கைக்கும் அரைமணி நேரம் முன்புதான் தாள் வந்திருக்கும்.

இளைய தோழர்களே, நீங்கள் நாளைக்கு அமைப்புகளில் சேர்வீர்கள், சிலர் அமைப்புகளைத் தொடங்குவீர்கள். பாட்டுக்குழு, நாடகக்குழு, வாசகர் வட்டம், மாணவர் சங்கம், எதுவாகவும் இருக்கட்டும். மூன்று விஷயங்களை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். எழுதுகிறவர், பேசுகிறவர், களத்துக்குப் போகிறவர் என்று வேலை பிரியும்போது, வெளியில் எல்லோருடைய பெயரும் வருமா? பேசப்போகிறவர், பேசப்போவதைத் திருத்தலாமா? பிரிய நேர்ந்தால் எப்படிப் பிரிவோம்? மூன்றாவதைப் பேசவே கூச்சமாக இருக்கும். கல்யாண வீட்டில் விவாகரத்து பற்றிப் பேசுவது மாதிரி. ஆனால் அன்போடு இருக்கும்போது பேசாதது, கோபத்தில் இருக்கும்போது பகிரங்கக் கடிதமாக வரும். இன்று அதற்கு இணையதளம்கூட வேண்டாம், ஒரு ஃபேஸ்புக் பதிவு போதும். ஒரு தோழரைப் பற்றி அப்படி ஒரு பதிவில் கையெழுத்துப் போடச் சொல்லி உங்களிடம் வந்தால், ஒரே கேள்வி கேளுங்கள்: அவரிடம் இதைச் சொல்லியாகிவிட்டதா, அவர் என்ன பதில் சொன்னார்? வன்முறைக்கு ஆளானவர் பொதுவெளியில் பேசுவது வேறு கணக்கு, அதை இதோடு சேர்க்காதீர்கள். நான் சொல்வது, பலம் உள்ள பலர் பலம் குறைந்த ஒருவரைப் பற்றி எழுதும் கடிதத்தை.

இத்தனைக்குப் பிறகும் ‘வன்ஸ்’ கேட்கிறாயா என்றால், கேட்கிறேன். கிராமத்துக் கூட்டம் முடிந்து கடைசிப் பேருந்தில் திரும்பும்போது ஹெட்செட்டில் பெரும்பாலும் அதுதான் ஓடும். ஹொலோபைனென் எழுதிய மெட்டுகள் அழகானவை. அநியாயம் கலந்த இடத்திலிருந்தும் அழகு வரும் என்பது தெரிந்து கேட்பதும் ஒரு பயிற்சி. அந்த அழகை யார் யார் சேர்ந்து செய்தார்கள் என்று எண்ணிக்கொண்டே கேட்கிறேன், அவ்வளவுதான். லண்டனில் உட்கார்ந்து வயலின் வாசித்தவர்களின் பெயர்கள்கூட எனக்குத் தெரியாது. அவர்களையும் எண்ணிக்கொள்கிறேன்.

தார்யா முடிந்துபோகவில்லை. 2007ல் ‘மை வின்டர் ஸ்டார்ம்’ என்ற தொகுப்போடு திரும்பி வந்தார். இந்த முறை பாடல்களை எழுதியவர்கள் பட்டியலில் பல இடங்களில் அவர் பெயரும் இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. 2005ல் அந்தக் கடிதத்தை அனுப்பிய நால்வரில் ஒருவர் மார்கோ ஹியெதாலா. 2021ல் அவரும் நைட்விஷ்ஷை விட்டு விலகினார். 2024ல் அவரும் தார்யாவும் சேர்ந்து மேடைகளில் பாடினார்கள், ஒரு புதிய பாட்டையும் இருவருமாகப் பாடி வெளியிட்டார்கள். கடிதத்தால் உடைந்ததில் ஒரு பகுதியாவது நேரில் நின்று பாடியதில் ஒட்டியிருக்கிறது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நம் அமைப்புகளால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. ஆகவே கடிதம் எழுதுவதற்கு முன்னாலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். பேசும் அந்த இடத்தில், உங்களுக்காக மேடையில் தொண்டை வறளப் பேசிவிட்டு வந்தவருக்கு முதலில் ஒரு நாற்காலி போடுங்கள்.